பதினான்கு விநாடி

காளவாசலில் மூன்றாம் மாடி.
கீழே பரோட்டாக் கடை.
மதுரையில் கடல் இருக்கும் ஒரே இடம் இது.
ஒரு நாளைக்கு நூற்றிருபது துண்டுக் கடல்,
ஒவ்வொன்றும் ஒரு நிமிடம்,
துண்டுக்கு இரண்டு ரூபாய் எழுபது காசு.

மன்னார் வளைகுடாவில் எவரோ
கயிறு கட்டி இறக்கிய ஒலிவாங்கி
கேட்டதையெல்லாம் அனுப்பிவிடுகிறது.
காது கொடுத்துப் பெயர் எழுதுவது என் வேலை.
கப்பல். கப்பல். விசைப்படகு. கப்பல்.
திரையின் அடியில் ஊதாச் சேறு மாதிரி
அது படிந்தே கிடக்கும்.
மேலே கடுகு வெடிப்பதுபோல் படபடப்பது
இறால் என்று ஜெரால்டு சொல்லித்தான் தெரியும்.
அதுவரை எனக்கு இறால் என்றால் தொக்கு.
கீழே கொத்துப் பரோட்டா போடுவதை ஒருமுறை
'எந்திரம், அடையாளம் தெரியவில்லை' என்று
கடலுக்குள் குறித்துவிட்டேன்.

டால்பின் சீழ்க்கை வளைந்து வளைந்து ஏறும்.
கப்பல் நெருங்க நெருங்க
குரலைத் தூக்கிக்கொண்டே போகும்,
வளைவுகளை ஒவ்வொன்றாக உதறிவிடும்.
"இரைச்சல்ல அப்படித்தான் கத்தும்" என்றார் ஜெரால்டு.
எனக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை,
நான் செல்லூர்.

எங்கள் தெருவில் அறுபது விசைத்தறி.
அம்மா ஒச்சம்மாள்
நாலு தறிக்கு நடுவில் இருபத்திரண்டு வருடமாக நிற்கிறாள்.
அங்கே நீளமான வாக்கியம் செல்லாது.
"நூலு!" "அத்துருச்சு!" "டீ!"
கல்யாண வீட்டிலும் அதே குரல்.
துக்க வீட்டில் அவள் ஆறுதல் சொன்னால்
பந்தலே திரும்பிப் பார்க்கும்.
அப்பா போனதை எனக்கு
தறிச் சத்தத்துக்கு மேலே ஏறி நின்று
போனில் மூன்று வார்த்தையில் சொன்னாள்.
எனக்கு இரண்டுதான் கேட்டது.

கடல்பசு கத்தாது.
நானூறு கிலோ உடம்புக்கு
ஒரு சிட்டுக் கீச்சுதான் கொடுத்திருக்கிறது.
போட்டிக்கு நிற்காமல் நிறுத்திக்கொள்ளுமாம்,
இல்லையென்றால் மேய்ந்த புல்லை அப்படியே விட்டு
வேறெங்கோ போய்விடுமாம்.
நிறுத்திக்கொண்டதைக் குறிக்க
திரையில் கட்டம் இல்லை.
'கப்பல்' என்று எழுதினால்
காசு வந்துவிடும்.

கார்த்திகையில் ஒரு கோப்பு.
புயல் கூண்டு ஏற்றிய நாள்.
துறைமுகத்தைக் காலி செய்துவிட்டார்கள்,
படகெல்லாம் கரையில்,
காற்று இன்னும் வந்து சேரவில்லை.
சேறு இல்லை திரையில்.
ஹெட்போன்தான் போய்விட்டதென்று
கழற்றித் தொடையில் தட்டினேன்.

அப்புறம் ஒரு கீச்சு.

பதினான்கு விநாடி எதுவுமில்லை.

அப்புறம் தூரத்திலிருந்து, மெலிதாக,
இன்னொன்று.

ஒரு நிமிடத்தை நாற்பது நிமிடம் கேட்டேன்.
ஜெரால்டு வந்து கணக்கைப் பார்த்தார்.
'கடல்பசு' என்று அழுத்தினேன், இரண்டு எழுபது.
நடுவிலே இருக்கும் பதினான்கு விநாடிக்கு
என்ன போடுவது என்றேன்.
"அத விடும்மா. அது காலி."

இரவு வீட்டுக்குப் போனால்
தெரு செத்துக் கிடக்கிறது. கரண்ட் இல்லை.
அறுபது தறியும் வாய்மூடியிருக்க
கண்மாய்த் தவளை எங்கள் வீடுவரை கேட்கிறது.
நின்றுபோன தறியில் சாய்ந்தபடி அம்மா
காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள்.
எப்போது வேண்டுமானாலும் கரண்ட் வந்துவிடும்.
கேட்க வேண்டியது நிறைய இருந்தது,
அந்த மூன்றாவது வார்த்தை உட்பட.
கேட்டேன்.

அம்மா அட்டையை நிறுத்தினாள்.
"ஏண்டி இந்தக் கத்து கத்துற?
நான் என்ன அக்கரையிலயா இருக்கேன்?"